ஏற்காடு அடிவாரத்தில் உயரமான கூடைப்பந்து வீரர்களுக்கான உடல்வலு வகுப்பு: ஒரு மதிப்புரை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, அடிவாரத்தில் இயங்கும் ஓர் உடற்பயிற்சிக் கூடம், கூடைப்பந்து அணிகளில் ரிங்குக்கு (பந்து போடும் வளையத்துக்கு) அருகில் நின்று ஆடும் சென்டர், பவர் ஃபார்வர்டு ஆகிய இடங்களில் ஆடும் உயரமான பிள்ளைகளுக்கென்றே எட்டு வார வகுப்பு ஒன்றை நடத்துகிறது. ஷூட்டிங், டிரிபிளிங் எதுவும் அங்கே கற்றுத்தரப்படுவதில்லை. ரிங்குக்கு அடியில் எதிராளியின் உடல் வந்து மோதும்போது நின்ற இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பது எப்படி என்பது ஒன்றே பாடம். சேலத்தில் இளைஞர் அணி ஒன்றுக்குப் பயிற்சியளித்து வரும் நான், எங்கள் அணியின் உயரமான வீரர்களை இந்த வகுப்புக்கு அனுப்பியதோடு, பெரும்பாலான நாட்களில் உடனிருந்தும் பார்த்தேன். தங்கள் பிள்ளைகளையும் அங்கே சேர்க்கலாமா என்று பெற்றோரும் மற்ற பயிற்சியாளர்களும் தொடர்ந்து கேட்டுவருவதால், பார்த்தவற்றை விரிவாகவே எழுதுகிறேன். சேர்க்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் எதற்காகச் சேர்க்கிறோம் என்ற தெளிவு முதலில் வேண்டும். அந்தக் கூடத்தில் இருக்கும் சில குறைகளை அனுப்புகிறவர்களே ஈடுகட்டவும் வேண்டும்.

நம் பகுதியில் உயரமான பிள்ளைகள் கூடைப்பந்துக்கு வந்துசேரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ மளமளவென்று வளர்ந்துவிட்ட ஒரு பையன் கண்ணில் பட்டதும், உடற்கல்வி ஆசிரியர் அவனை அழைத்துவந்து அணியில் சேர்த்துவிடுகிறார். தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிங்குக்கு மற்றவர்களின் கையைவிட அவன் கை நெருக்கமாக இருக்கிறது என்பதே அவனுடைய தகுதி. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் கார்டு இடத்தில் ஆடும் சிறுவர்களுக்கு மணிக்கணக்கில் நுணுக்கங்களைச் சொல்லித்தரும் நாம், இவனிடம் கையைத் தூக்கிக்கொண்டு நில், பந்து வந்தால் பிடி என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. பள்ளிப் போட்டிகளில் அவன் உயரத்துக்கு எதிரணியில் ஆளே இருக்காது என்பதால் அதுவே போதுமானதாகவும் இருந்துவிடுகிறது. கல்லூரி அணிகளோடும், சென்னையிலிருந்து வரும் வங்கி, ரயில்வே அணிகளோடும் ஆடத் தொடங்கும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. அவனைவிட நான்கு விரற்கடை குட்டையான, ஆனால் இடுப்பும் தொடையும் இறுகிய ஒருவர், முதுகைக் கொடுத்து நெருக்கியே அவனை ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடான எண்ட் லைனுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ரீபவுண்டை, அதாவது ரிங்குக்குள் விழாமல் திரும்பிவரும் பந்தை, நிதானமாக எடுத்துச் செல்கிறார்.

ரீபவுண்டுக்குப் பெயர்போன ஆட்டக்காரர்களைப் பார்த்தாலே உயரத்தால் மட்டும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது விளங்கும். அமெரிக்காவின் என்பிஏ லீகில் 1991-92 முதல் 1997-98 வரை தொடர்ந்து 7 பருவங்களில் ரீபவுண்டில் முதலிடம் பிடித்த டென்னிஸ் ராட்மனின் உயரம் 6 அடி 7 அங்குலம். அவருக்கு முன்பு, 1986-87 பருவத்தில் முதலிடம் பிடித்த சார்லஸ் பார்க்லி அவரையும்விடக் குட்டை. 2004 ஆம் ஆண்டு இறுதித் தொடரில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியை வென்றபோது, 7 அடி 1 அங்குலம் உயரமுள்ள ஷகீல் ஓ'நீலுக்கு எதிரே ரிங்குக்கு அடியில் நின்ற பென் வாலஸ் 6 அடி 9 அங்குலம்தான். கல்லூரி முடித்து வந்தபோது, அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத அவர், பின்னாளில் 4 முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றார். என்பிஏ வீரர்களோடு நம் பிள்ளைகளை ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. உயரத்தைப் பயிற்சியால் கூட்ட முடியாது, வலுவையும் துணிவையும் கூட்ட முடியும் என்பதால், பயிற்சி நேரத்தை எதில் செலவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வலுக் குறைந்த சென்டரால் ஓர் அணிக்கு வரும் இழப்பு ரீபவுண்டோடு நிற்பதில்லை. ஃபவுல் கணக்கில் அது இன்னும் கடுமையாகத் தெரியும். எதிராளி இடுப்பால் நெருக்கிக்கொண்டு உள்ளே வரும்போது, காலை ஊன்றி மார்பைக் கொடுத்து நிற்க முடியாத பையன், கடைசி நொடியில் கையை நீட்டிப் பிடிக்கிறான் அல்லது பின்னாலிருந்து அவர்மேல் சாய்ந்துவிடுகிறான். கால் தாங்காதபோது கை முன்னே போகிறது. கை போனால் விசில் ஊதப்படுகிறது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி 5 ஃபவுல் செய்தவர் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். அதோடு, ஒரு கால்பகுதியில் அணியின் ஃபவுல் 4 ஆகிவிட்டால், அதன்பின் தடுப்பாட்டத்தில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ (தடுப்பாரின்றிப் பந்தை எறியும் வாய்ப்பு) கிடைக்கும். எங்கள் அணியின் முதன்மை சென்டர் மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள் 4 ஃபவுலோடு பெஞ்சில் உட்காருவது கடந்த பருவத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அவன் முரடன் அல்லன்; அணியிலேயே மிகவும் சாதுவான பையன் அவன்தான். முரட்டுத்தனத்தைக் குறைத்தால் ஃபவுல் குறையும் என்று நினைத்து அவனை இன்னும் ஒதுங்கி ஆடச் சொன்ன மூத்தவர்கள் உண்டு. ஒதுங்க ஒதுங்க எதிராளிக்கு உள்ளே இடம் கிடைத்தது. உள்ளே வந்தவரைத் தடுக்கக் கை போயிற்று. ஃபவுல் இன்னும் கூடியது.

இந்தத் தயக்கத்துக்கு நம் ஆடுகளங்களும் ஒரு காரணம் என்பது என் நெடுநாளைய எண்ணம். சேலத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சிமெண்ட் தரையில் ஆடி வளர்ந்தவர்கள். அதில் விழுந்தால் முழங்கையும் முட்டியும் தோலுரிந்துபோகும். உயரமான பையன் விழும்போது அதிக உயரத்திலிருந்து, அதிக எடையோடு விழுகிறான். இரண்டு முறை அப்படி விழுந்தவன் மூன்றாவது முறை மோதலுக்குப் போவதற்கு முன்பே உடலைச் சுருக்கிக்கொள்கிறான். இதைக் கோழைத்தனம் என்று திட்டுவது அநியாயம். விழுந்து பழகுவதற்கு ஓர் இடத்தை நாம் அவனுக்குக் கொடுத்ததில்லை.

அடிவாரத்துக் கூடத்தின் மிகப் பெரிய சிறப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அங்கே கூடைப்பந்துத் தளம் கிடையாது. தகரக் கூரையின் கீழ் கபடிக்கான மேட் விரித்த ஒரு பகுதி, அதற்கு வெளியே நன்றாகக் கொத்திப் புழுதியாக்கிய செம்மண் களம், ஓரத்தில் இரும்புச் சாமான்கள், ஒரு சுவரில் ரிங், அவ்வளவுதான். முதல் வாரம் முழுவதும் பிள்ளைகளுக்கு விழக் கற்றுத்தருகிறார்கள். பக்கவாட்டில் விழுவது, பின்னால் விழும்போது தாடையை மார்போடு ஒட்டிவைத்துத் தலையைக் காப்பது, கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ளாமல் தோளால் உருண்டு எழுவது என்று மாலைதோறும் அதுவே நடந்தது. பணம் கட்டிய பெற்றோர் சிலர் இதற்கா அனுப்பினோம் என்று முகம் சுளித்தார்கள். ஆனால் இரண்டாம் வாரத்தில் மோதல் பயிற்சி தொடங்கியபோது, எங்கள் பையன்களின் உடலில் ஒரு விறைப்பு போயிருந்ததை என்னால் காண முடிந்தது. தரையைப் பற்றிய அச்சம் தீர்ந்த பிறகே எதிராளியைப் பற்றிய அச்சம் தீரும் என்ற வரிசையை இவ்வளவு தெளிவாகப் பின்பற்றிய பயிற்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கூடத்தை நடத்துபவரும் அவருடைய உதவியாளர்களும் கபடிக் களத்திலிருந்து வந்தவர்கள். கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் பலருக்கு இதைக் கேட்டதுமே ஐயம் வருகிறது. எனக்கு அந்த ஐயம் இல்லை. இந்திய அணியின் சென்டராக ஆடி, 2017 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியில் இடம்பெற்ற பஞ்சாபின் அம்ரித்பால் சிங், கூடைப்பந்துக்கு வருவதற்கு முன்பு ஊரில் கபடி ஆடிக்கொண்டிருந்தவர். இடுப்பைத் தாழ்த்தி நிற்பது, எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்ப்பது, மோதும் நொடியில் மூச்சை இறுக்கி வயிற்றைக் கெட்டியாக்குவது ஆகிய மூன்றும் கபடியில் சிறுவயதிலேயே உடம்பில் ஏறிவிடும் பழக்கங்கள். ரிங்குக்கு அடியில் சென்டருக்குத் தேவைப்படுபவையும் அவையே.

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது பாக்ஸ் அவுட் பயிற்சி. ரீபவுண்டுக்காக எதிராளியைத் தன் முதுகுக்குப் பின்னால் அடைத்து நிறுத்தும் இந்த வேலையை எல்லா அணிகளும் வாயால் சொல்கின்றன. உடலால் பழக்குகிற அணிகள் குறைவு. இங்கே பந்தே இல்லாமல் அது தொடங்குகிறது. இரண்டு பையன்கள் மேட்டின் நடுவில் ஒருவருக்கொருவர் எதிரே நிற்க வேண்டும். கூடத்தை நடத்தும் மாஸ்டர் கை தட்டியதும், தடுப்பவன் முதலில் முன்கையால் எதிராளியின் மார்பைத் தொட்டு அவன் எங்கே இருக்கிறான் என்று உணர வேண்டும். உடனே ஒரு காலைச் சுழற்றித் திரும்பி, தன் இடுப்பின் பின்பகுதியை அவனுடைய தொடையில், முட்டிக்குச் சற்று மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். பிறகு கால்களை அகட்டி, முதுகை நிமிர்த்தி, முழங்கைகளைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தி, உள்ளங்கைகள் மேலே தெரியும்படி நிற்க வேண்டும். பின்னால் இருப்பவன் அவனைத் தாண்டி முன்னே நுழைய முயன்றுகொண்டே இருப்பான். குறித்த நேரம் முடியும் வரை தாங்கினால்தான் அடுத்த ஜோடிக்கு முறை. உயரமான பிள்ளைகள் எல்லாரும் தொடக்கத்தில் செய்கிற தவறு, நேராக நின்று முதுகின் மேல்பகுதியால் தள்ளப் பார்ப்பது. அப்படி நிற்பவனை அவனைவிடக் குட்டையானவன் அடியிலிருந்து தூக்கிவிடுவான். முட்டியை மடக்கி இடுப்பை எதிராளியின் இடுப்புக்குக் கீழே கொண்டுபோகும் வரை, எவ்வளவு எடையிருந்தும் பயனில்லை.

பந்து இரண்டாம் கட்டத்தில்தான் வருகிறது. மாஸ்டர் சுவரில் உள்ள ரிங்கை நோக்கிப் பந்தை எறிந்ததும், பிள்ளைகளின் கண்கள் இயல்பாகப் பந்தோடு மேலே போகும். அப்போதெல்லாம் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்: "பந்தைப் பார்க்காத தம்பி, மொதல்ல ஆளைத் தேடு. ஆளு உன் முதுகுல இருந்தா பந்து எங்க போயிடப் போகுது?" மூலையிலிருந்து எறியப்படும் பந்து தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் விழும் என்பதால், அந்தப் பக்கத்தில் இருப்பவன் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும் என்பதையும் அவர் கபடிக்காரராக இருந்தும் கவனித்துவைத்திருந்தார். ரீபவுண்டை எடுத்தபின் இரண்டு காலிலும் சமமாக இறங்குவது, பந்தைத் தாடைக்குக் கீழே இரு கைகளாலும் இறுக்கிக்கொண்டு முழங்கைகளை விரித்துவைப்பது ஆகியவற்றையும் விடாமல் பழக்கினார். எதிரணி தான் தவறவிட்ட ஷாட்டின் ரீபவுண்டைத் தானே எடுத்துவிட்டால், ஷூட் செய்ய ஓர் அணிக்குள்ள 24 நொடிகளைக் கணக்கிடும் ஷாட் கிளாக்கில் மேலும் 14 நொடிகள் அதற்குக் கிடைக்கின்றன. 24 நொடிகள் பாடுபட்டுத் தடுத்த ஐந்து பேரின் உழைப்பும் ஒருவன் இடம் விட்டதால் வீணாகிவிடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல் செய்யாததை அந்த மேட் செய்தது.

ஸ்க்ரீன் வைப்பதற்கான, அதாவது தன் அணியினருக்கு வழிவிட எதிராளியின் பாதையில் அசையாமல் நிற்பதற்கான, பயிற்சியும் நன்றாகவே இருந்தது. ஓடிவரும் ஆள் மோதும் வரை பாதங்களை அசைக்காமல், கைகளை உடலோடு ஒட்டிவைத்து, மோதலைத் தொடையிலும் வயிற்றிலும் வாங்கப் பழக்கினார்கள். நம் பிள்ளைகள் ஸ்க்ரீன் வைப்பதுபோல் பாவனை காட்டிவிட்டுக் கடைசி நொடியில் விலகிக்கொள்வார்கள், அல்லது இடுப்பை நீட்டி ஃபவுல் வாங்குவார்கள். ரெக்சின் உறை போட்ட பஞ்சு மெத்தையை மார்பில் பிடித்துக்கொண்டு ஒருவர் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவதைத் தொடர்ந்து தாங்கிய பிறகு, அந்தப் பாவனை குறைந்தது. அதே மெத்தையால் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டிருக்கும்போது லே-அப் (ரிங்குக்கு அருகில் ஓடிவந்து எகிறிப் பந்தைப் போடுவது) அடிக்கச் செய்யும் பயிற்சியும் உண்டு. ஆனால் சுவரில் பதித்த ஒரே ரிங்கை வைத்துக்கொண்டு அதை முறையாகச் செய்ய முடியவில்லை. அதை அவரவர் ஆடுகளத்தில் செய்துகொள்வதே நல்லது.

இனி, கபடிக்காரர்களிடம் அனுப்புவதில் உள்ள சிக்கலையும் சொல்ல வேண்டும். கபடியில் பிடிப்பது ஆட்டத்தின் உயிர். கூடைப்பந்தில் பிடித்தால் ஃபவுல். சில வாரங்கள் கழிந்தபின் எங்கள் பையன்கள் சிலர், நெருக்கடி வந்தவுடன் எதிராளியின் பனியனையோ இடுப்பையோ தங்களை அறியாமல் பற்றத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வீரருக்கும் தரையிலிருந்து மேல்நோக்கிக் கற்பனையான ஓர் உருளை வெளி உண்டு, அதற்குள் நேராகக் குதிக்கவும் கையை நேராக உயர்த்தவும் அவருக்கு உரிமை உண்டு, அதைவிட்டு வெளியே சாய்ந்து மோதினால் பொறுப்பு அவருடையது என்பதே ஃபிபா விதிகளின் அடிப்படை. எதிராளி எகிறிவரும்போது கையை நேராகத் தூக்கி மார்பில் மோதலை வாங்கும் தடுப்பாட்டம் முழுவதும் இந்த விதியின் மேல் நிற்கிறது. ரிங்குக்கு நேர் கீழே 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுகொண்டு, எகிறிவருபவர் தன்மேல் மோதினார் என்று அவர்மேல் சார்ஜிங் ஃபவுல் கேட்க முடியாது என்ற விதியும் சென்டர்களுக்கு முக்கியம். இந்த விதிகள் எதுவும் அந்தக் கூடத்தில் பேசப்படுவதே இல்லை. விதியறிந்த ஒருவரை, ஓய்வுபெற்ற நடுவர் ஒருவரையாவது, வாரம் ஒரு முறை வரவழைத்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும். நான் இதைச் சொன்னபோது மறுப்பின்றிக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் வகுப்பு முடியும் வரை ஏற்பாடு செய்யவில்லை. ஆகவே பிள்ளைகளை அனுப்பும் பயிற்சியாளர், அதே வாரங்களில் தம்முடைய ஆடுகளத்தில் விசிலோடு ஒரு பயிற்சியை நடத்தி, அங்கே கற்ற வலுவை விதிக்குள் கொண்டுவர வேண்டும். பெற்றோர் மட்டும் தனியாக அனுப்பினால் இந்த வேலையைச் செய்ய ஆளிருக்காது.

எடைப் பயிற்சி பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பஸ்கி, தண்டால், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட், மணல் மூட்டை சுமத்தல், கயிறு கட்டி டிராக்டர் டயர் இழுத்தல் என்று காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்குமே முதலிடம் தருகிறார்கள். கைத்தசையைப் பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. எடையைக் கூட்டுவதற்கு முன் உட்கார்ந்து எழும் முறையைத் திருத்துகிறார்கள். நெடிய தொடையெலும்புள்ள பிள்ளைகளுக்கு ஆழமாக உட்கார்வது கடினம் என்பதறிந்து, கால்களை அகட்டி நிற்கவைத்துப் பழக்கியது எனக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் வளரும் பிள்ளைகளின் முழங்கால் விஷயத்தில் அவர்களுடைய கவனம் போதவில்லை. வேகமாக வளரும் வயதில், முட்டிக்குக் கீழே தசைநார் எலும்பில் சேரும் இடத்தில் வீக்கமும் வலியும் வருவது, குதித்து ஆடும் பிள்ளைகளிடம் பரவலாகக் காணப்படுவது. அந்த வலியோடு தொடர்ந்து குதிக்கவைத்தால் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். எங்கள் அணியின் இளைய வீரன் ஒருவன் வலியைச் சொன்னபோது, எண்ணெய் தேய்த்துக்கொண்டு வா, பழகினால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். நான் தலையிட்டு அவனை நிறுத்திவைத்து, எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னபடி குதிக்கும் பயிற்சிகளை விலக்கிய பிறகே அவன் தேறினான். உடல் வலுவைச் சொல்லித்தரும் ஓர் இடத்தில், தாங்க வேண்டிய வலி எது, நிறுத்த வேண்டிய வலி எது என்று பிரித்தறியத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் இருப்பது ஆடம்பரம் ஆகாது. இந்தக் கூடத்தின் மேல் எனக்குள்ள கடுமையான வருத்தம் இது ஒன்றே. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர், சேர்ப்பதற்கு முன்பே முட்டியையும் கணுக்காலையும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

உணவுக்கென்று ஓர் அச்சிட்ட தாள் தருகிறார்கள். அதில் காலையும் மாலையும் புரோட்டீன் பவுடர் எழுதியிருக்கிறது. அந்த டப்பா கூடத்தின் மேசையிலேயே விற்பனைக்கும் இருக்கிறது. அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளுக்கு அது கட்டுப்படியாகாது. கட்டாயத் தேவையும் இல்லை. கடும் பயிற்சி செய்பவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை என்பது விளையாட்டு உணவியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராமும் இருக்கின்றன. முட்டை, கடலை, சுண்டல், பருப்பு, பால், வாரம் சில நாட்கள் மீனோ கோழியோ என்று திட்டமிட்டால் பவுடர் இல்லாமலே பெரும்பகுதி நிறைந்துவிடும். பயிற்சி முடிந்து பசியோடு வரும் பிள்ளைகள் வழியில் தட்டுவடை செட்டோடு வயிற்றை நிரப்பிக்கொள்வதுதான் நம் ஊரில் நான் போராட வேண்டியிருக்கும் உண்மையான சிக்கல்.

வகுப்பின் இறுதியில் ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம் உண்டு. இதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். விளம்பரத்தில் இதையே பெரிதாகவும் காட்டுகிறார்கள். மலையின் உயரத்தால் நுரையீரல் வலுப்பெறும் என்று அங்கே சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடத்துப் பயிற்சியால் இரத்தத்தில் மாற்றம் வர, பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல், சில வாரங்களாவது தங்க வேண்டும். இரண்டு நாளில் கிடைப்பது குளிர்ந்த காற்றும் சரிவான பாதையும்தான். அந்தச் சரிவை அவர்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காபித் தோட்டங்களுக்கு இடையே ஏறிச்செல்லும் மண்பாதையில், ஒருவன் தோளை மற்றொருவன் மார்பில் வைத்து மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போகும் பயிற்சி, சமதரையில் கிடைக்காத வேலையைத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் கொடுத்தது. இறங்கும்போது முட்டிக்குச் சுமை ஏறும் என்று மெதுவாக நடந்தே இறங்கச் செய்தார்கள். ஆனால் காலை மூடுபனியில் ஈரம் படிந்த சிமெண்ட் தளத்தில் ஆட்டம் வைத்தது வேண்டாத துணிச்சல். இருவர் வழுக்கி விழுந்தார்கள், நல்வாய்ப்பாகப் பெரிய காயமில்லை. மே மாதத்தில் முகாமை வைப்பதும் சரியான ஏற்பாடாகத் தெரியவில்லை. கோடைக்கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஊர்ந்து, முதல் நாள் காலைப் பயிற்சி சாலையிலேயே கழிந்தது. எட்டு வார வகுப்புக்கு மட்டும் பணம் கட்டி முகாமைத் தவிர்ப்பவர்களுக்குப் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை.

வகுப்புக்குப் பின் ஆடிய ஆட்டங்களில் என்ன மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் சென்டரின் எடை பெரிதாகக் கூடவில்லை. எட்டு வாரத்தில் அது கூடவும் கூடாது. தொடக்க வாரங்களில் வரும் வலு பெரும்பாலும் நரம்புகள் தசையை ஒழுங்காக இயக்கப் பழகுவதால் வருவது, தசை பருப்பதற்கு மாதங்கள் ஆகும். மாறியது அவன் நிற்கும் இடம். முன்பு ரிங்குக்கு முன்னால் கோடிட்ட கீ பகுதிக்கு வெளியே, ரிங்கிலிருந்து தள்ளி நின்று பந்து கேட்டுக்கொண்டிருந்தவன், இப்போது எதிராளியை இடுப்பால் அடைத்து, பந்து வருவதற்கு முன்பே ஓர் அடி உள்ளே இடம் பிடிக்கிறான். பந்து தன் அணியிடம் இருக்கும்போது கீ பகுதிக்குள் தொடர்ந்து 3 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியால் அங்கே வெகுநேரம் நிற்க முடியாது என்பதால், அந்த ஓர் அடியைச் சரியான நேரத்தில் பிடிப்பதே ரிங்குக்கு அருகில் ஆடும் போஸ்ட் ஆட்டத்தின் பாதி. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கல்லூரி அணியோடு ஆடியபோது, கடைசிக் கால்பகுதியிலும் அவன் களத்தில் இருந்தான். அவர்களுடைய கனத்த சென்டர் முதுகைக் கொடுத்துத் தள்ளியபோது பின்வாங்காமல், கையைக் கீழே இறக்காமல் மார்பில் தாங்கினான். அந்த ஷாட் ரிங்கில் பட்டுத் தவறியது. ரீபவுண்டையும் அவனே எடுத்தான். ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஆனாலும் அந்த ஒரு தடுப்பாட்டத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அதற்கு முன் வென்ற பல ஆட்டங்களில் ஏற்பட்டதில்லை.

எல்லாருக்கும் ஒரே பலன் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. எங்கள் இரண்டாவது சென்டர் மேட்டில் நன்றாகச் செய்தும் ஆட்டத்தில் பழையபடி ஒதுங்குகிறான். அவனுக்கு இன்னொரு பருவம் தேவைப்படலாம். பவர் ஃபார்வர்டாக ஆடும் பையனுக்கு, எதிர்பாராத வகையில், ஸ்க்ரீன் வைப்பதில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. அதனால் எங்கள் கார்டுகளுக்கு ஷூட் செய்ய இடம் கிடைக்கிறது.

கட்டணம் நகரத்தில் உள்ள நல்ல உடற்பயிற்சிக் கூடங்களின் மாதக் கட்டணத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதையும், ஒவ்வொரு ஜோடியையும் மாஸ்டரே நின்று பார்க்கிறார் என்பதையும் வைத்துப் பார்த்தால் அது நியாயமானதே. அணியாகச் சேர்ந்து வருபவர்களுக்குக் குறைத்துக்கொள்கிறார்கள், கேட்டால்தான் குறைப்பார்கள். மாலை வகுப்பு முடிய இருட்டிவிடும் என்பதால், அஸ்தம்பட்டிக்கு அப்பால் இருந்து வரும் பிள்ளைகள் வீடு திரும்பும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். காலை வகுப்பு பள்ளி, கல்லூரி நேரத்தோடு மோதாமல் முடிந்துவிடுகிறது. சனி, ஞாயிறு காலையில் கூட்டமும் குறைவு.

பெண் பிள்ளைகளுக்கு இங்கே வகுப்பு இல்லை என்பது பெரிய குறை. மகளிர் அணிகளில் ஆடும் உயரமான பெண்களுக்கும் இதே சிக்கல் இருக்கிறது. அவர்களைத் தொட்டுத் திருத்தி மோதல் பழக்கும் பெண் பயிற்சியாளர்கள் கிடைப்பது இன்னும் அரிது. கபடியில் நம் மாநிலத்துப் பெண்கள் திறமையாக ஆடிவரும்போது, அவர்களில் ஒருவரைப் பயிற்சியாளராக அமர்த்தித் தனிக் குழு தொடங்க முடியாதா என்று கூடத்தாரிடம் கேட்டிருக்கிறேன். குறைந்தது ஆறு பேராவது சேர்ந்தால் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகளிர் அணிகளின் பயிற்சியாளர்கள் இருவர் மூவர் சேர்ந்து பேசினால் அந்த எண்ணிக்கை எளிதில் வந்துவிடும். அடுத்த குழு காலாண்டுத் தேர்வுகள் முடிந்தபின் தொடங்குகிறது. இடம் வேண்டுவோர் அதற்குள் நேரில் போய், மேட்டில் நடக்கும் ஒரு வகுப்பை முழுவதுமாகப் பார்த்துவிட்டு, பிறகு பணம் கட்டலாம். பார்க்க வருபவர்களை அவர்கள் தடுப்பதில்லை.